வரட்சிக் காலத்திற் கால்நடைத் தீவனம்

‘மாடு’ என்னுஞ் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருளாகும். மட்டக்களப்பு வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரைச் சிற்றூர்களில் இப்பொருள் இன்றும் வழக்கொழிந்திலது. நெல் பொய்த்த ஆண்டிலுங் குடும்பத்தைத் தாங்குவது பட்டியிலுள்ள மாடேயாகும். அம்மாட்டை வரட்சியில் எங்ஙனங் காப்பது என்பதை ஈண்டு நோக்குவாம்.

நம் நாட்டின் இப்பகுதியிற் பனி உறையுங் குளிர்காலம் இல்லை. எனினும் மேல்நாட்டு உழவன் குளிர்காலத்துக்கெனத் தீவனஞ் சேமிப்பதுபோல, நாமுஞ் சேமிக்கவேண்டிய காலங்கள் இரண்டு உள. இங்கு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றினால் ஐப்பசி தொடங்கித் தை வரையிற் பெய்கின்றது. வைகாசிக்குப்பின் வீசுங் கச்சான் காற்று வரண்டது. ஆவணி, புரட்டாதியிற் புல் கருகிவிடும். வாவி நீரும் உப்பு மிகுந்து மாடு குடித்தற்கு ஆகாதாகும். இது முதற் பஞ்சம். மாரியிலோ வயலில் நெல் நிற்றலின், மாடுகள் மயிலத்தமடு, மாதவனை முதலிய தொலைவான மேய்ச்சற்றரைகளுக்குக் கொண்டுசெல்லப்படுகின்றன. வீட்டில் நிற்கும் கறவைக்குங் கன்றுக்கும் வெள்ளத்தாற் புல் அரிதாகும். இஃது இரண்டாம் பஞ்சம்.

இவ்விரண்டுந் தொடர்புடையன. வரட்சியில் மெலிந்த மாடு மாரிக் குளிரைத் தாங்காது. 2022 டிசெம்பரிற் குளிர்காற்றும் மழையுஞ் சேர்ந்தடித்தபோது, வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மாண்டன. உடலிற் கொழுப்பும் வயிற்றில் இரையும் குறைந்த விலங்கு தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளல் அரிது. ஆதலின் ஆவணியில் இடுந் தீவனமே மார்கழியில் உயிர்காப்பது என்க.

தேவை எவ்வளவு? 250 கிலோ நிறையுள்ள நாட்டுப்பசு நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 கிலோ உலர்பொருளை உண்ணும். ஐந்து பசுக்களுக்குத் தொண்ணூறு நாளைக்கு வேண்டுவது 2,700 கிலோ. நெல் விளையும் நிறையளவுக்கு ஏறக்குறைய வைக்கோலுங் கிடைக்கும். ஏக்கருக்கு 1,500 கிலோ நெல் தரும் வயலாயின், இரண்டு ஏக்கர் வைக்கோலே இத்தேவையை நிறைவாக்கும். பண்டு சூடடித்த களத்திலே வைக்கோற்போர் எழுந்தது. இயந்திர அறுவடை பரவியபின், வைக்கோல் வயலிற் சிதறிப் பலவிடங்களில் எரியூட்டப்படுகின்றது. மாசி, பங்குனியில் எரிக்கப்படுவது ஆவணியின் உணவு என்பதை நாம் மறத்தலாகாது.

ஆயினும் வைக்கோல் மட்டும் போதாது. அதிற் புரதம் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்கே உளது. மாட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் நாரைச் செரிப்பிக்க ஏழு பங்களவு வேண்டும். இக்குறையை நீக்குவது யூரியாப் பதனீடு. 100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, பொலித்தீன் விரிப்பினாற் காற்றுப் புகாது மூடல் வேண்டும். யூரியாவிலிருந்து எழும் அமோனியா, செலுலோசைப் பிணித்துள்ள இலிக்னினைத் தளர்த்தும். புரதவளவும் ஏறக்குறைய இருமடங்காகும். பத்து நாள் முதல் மூன்று வாரத்துள் வைக்கோல் பதமாகும். எடுத்ததைச் சில மணிநேரம் ஆறவிட்டே கொடுத்தல் வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இஃது ஆகாது. யூரியா கரைத்த நீரை மாடு குடிப்பின் இறக்கவுங் கூடும். ஆதலின் பாத்திரங்களைத் திறந்து வைத்தலாகாது.

பசுந்தீவனத்தைச் சேமிக்கும் வழி சைலேஜ் எனப்படும் ஊறுகாய்ப்புல்லாகும். சீ.ஓ.3 புல்லையோ சோளனையோ விரலகலத் துண்டுகளாக வெட்டி, சிறிது வாடவிட்டு, பீப்பாவிலோ தடித்த பொலித்தீன் பையிலோ காற்று வெளியேற நெருக்கி அடைத்து மூடவேண்டும். உள்ளே தோன்றும் இலட்டிக்கமிலம் அழுகலைத் தடுக்கும். ஏறக்குறைய ஒரு மாதத்திற் பதமாகும். காற்றுப் புகாதவரை பல மாதங் கெடாது. நல்லதற்கு இனிய புளிப்பு மணம் உண்டு. பூஞ்சணம் பிடித்ததைக் கொடுத்தலாகாது.

வரட்சியில் வாடிய பயிரைப் பயன்படுத்துங்கால் எச்சரிக்கை வேண்டும். வளர்ச்சி குன்றிய சோளனின் அடித்தண்டில் நைத்திரேற்று மிகும். இளம் இறுங்கில் ஐதரோசயனிக்கமிலம் தோன்றும். இரண்டும் மாட்டைக் கொல்ல வல்லன. சோளனை உயரமாக அறுத்து ஊறுகாய்ப்புல்லாக்கின் நைத்திரேற்றுக் குறையும். இளம் இறுங்கில் மாட்டை மேயவிடாமையே தக்கது.

பொருளில்லாதார்க்கும் எளிதிற் கிடைப்பது வேலியிலுள்ள கிளிரிசீடியா. வேர் ஆழ்ந்து செல்லுதலின் அது கோடையிலுந் துளிர்க்கும். அதன் உலர்ந்த இலையிற் புரதம் நூற்றுக்கு இருபது பங்களவு உண்டு. இலையின் மணத்தை வெறுக்கும் மாட்டுக்கு, அதனை வாடவைத்து வைக்கோலுடன் சிறிது சிறிதாகக் கலந்து பழக்கலாம்.

2016, 2017ஆம் ஆண்டுகளில் இலங்கையை வாட்டிய வரட்சி நாற்பதாண்டுகளிற் கொடியதெனக் கணிக்கப்பட்டது. வானம் பொய்ப்பதைத் தடுத்தல் நம் கையில் இல்லை. ஆனால் அறுவடை முடிந்த வயலிற் கிடக்கும் வைக்கோலைத் தீக்கு இடுவதோ போருக்கு ஏற்றுவதோ நம் கையிலேயே உளது. அத்தெரிவைப் பங்குனியிலேயே செய்தல் வேண்டும்; புரட்டாதியில் எண்ணிப் பயனில்லை.