போர்வெல்லுக்குள் இறங்கும் ரோபோ

ரோபோ என்றதும் சினிமாவில் நடந்து, பேசி, சண்டை போடும் இயந்திரம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் சொல்லப் போகும் ரோபோவுக்குக் காலும் கிடையாது, பேச்சும் கிடையாது. ஆனால் அது உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரின் பாகங்களை வைத்தே அதைப் புரிந்து கொள்ளலாம்.

எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். தாமிரபரணி வாய்க்கால் பாயும் வயல்கள் எங்களுடையவை. வடக்கே சங்கரன்கோவில் பக்கம் போனால் அந்த வசதி இல்லை. கிணற்றையும் போர்வெல்லையும் நம்பித்தான் விவசாயம். தண்ணீர் வராத போர்வெல்லை மூடாமல் விட்டால் குழந்தைகளுக்கு அதுவே எமன்.

2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் அருகே குத்தாலப்பேரியில் 3 வயதுச் சிறுவன் ஒருவன் அப்படி விழுந்து விட்டான். அப்போது அது நெல்லை மாவட்டம். 2019 முதல் தென்காசி மாவட்டம். மதுரை மணிகண்டன் தாம் உருவாக்கிய ரோபோவுடன் வந்தார். சிறுவன் உயிருடன் மேலே வந்தான்.

எப்படி வேலை செய்கிறது?

இன்புட்: உங்களுக்கு மவுஸும் கீபோர்டும் போல, இதற்குக் கேமரா. ஆள் நுழைய முடியாத குழிக்குள் விளக்கு வெளிச்சத்தில் அது எடுக்கும் படம், மேலே இருக்கும் மானிட்டரில் தெரியும்.

பிராசசர்: இங்கேதான் பலரும் ஏமாந்து போவார்கள். இந்த ரோபோ தானாக எதையும் முடிவு செய்வதில்லை. மானிட்டரைப் பார்த்து இயக்கும் மனிதர்தான் இதன் மூளை.

அவுட்புட்: பிரிண்டரில் மோட்டார் காகிதத்தை இழுப்பது போல, இங்கே இயந்திர விரல்கள் குழந்தையைப் பிடிக்கின்றன. பிறகு மேலே தூக்க வேண்டியதுதான்.

எங்கே முடியாமல் போகிறது?

குழந்தை தெளிவாகத் தெரிந்தாலும், விரல்கள் நுழைந்து பிடிக்க இடம் வேண்டும். ஈர மண்ணில் பிடி வழுக்கும். குழந்தை இன்னும் கீழே சரியலாம்.

2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை விழுந்தபோது மணிகண்டன் குழு உட்படப் பலரும் போராடினார்கள். குழந்தை சுமார் 88 அடி ஆழத்துக்குச் சரிந்து விட்டது. பக்கத்தில் குழி தோண்டினால் கடும் பாறை. 29ஆம் தேதி அதிகாலை சடலமாகத்தான் மீட்க முடிந்தது. நாடே டிவி முன் காத்திருந்த அந்த நாட்களை என்னால் மறக்க முடியவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

வைரஸ் வந்த பிறகு சுத்தம் செய்வதை விட வராமல் தடுப்பதுதான் நல்லது என்பார்கள். இதற்கும் அதே விதிதான். கைவிட்ட போர்வெல்லை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும் என்று 2010லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. வாயில் சாக்கைக் கட்டி வைத்தால் போதாது. உங்கள் ஊரில் திறந்து கிடக்கும் போர்வெல்லைப் பார்த்தால் உடனே பஞ்சாயத்தில் சொல்லுங்கள். ரோபோவைக் கூப்பிடும் நிலைமையே வர வேண்டாம்.