கச்சான் காற்றும் இலைக்குள் எரியும் சிவப்பும்

ஆடி மாதம் இலங்கையின் ஊவா மாகாணத்துப் பசறை, லுணுகலைப் பக்க மலைகளில் கச்சான் வீசத் தொடங்கினால் கொழுந்துக் கூடை நிறைவதில்லை. தென்மேல் பருவமழை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். தொடரைத் தாண்டிப் பதுளைக்கு இறங்குவது வறண்ட காற்று மட்டும்தான். ஊவாத் தேயிலைக்கு உலகெங்கும் பேர் வாங்கிக் கொடுத்ததும் இதே காற்றுதான். யூலை முதல் செப்டெம்பர் வரை எடுக்கும் கொழுந்தில் வரும் அந்தக் குளிர்ந்த தைல வாசத்துக்குப் பெரும் பங்கு மெதைல் சலிசிலேற்றுக்கு உண்டு. மூட்டுவலித் தைலத்தில் மணப்பதும் அதே பொருள்.

வாசம் கூடும்போது எடை குறைகிறது. மொட்டு விரியாமல் உறங்கிப்போய், தோட்டத்தில் சொல்வதுபோல் வங்கியாகி, நிற்பதைக் கொழுந்து எடுக்கும் பெண்ணின் விரல் உடனே கண்டுகொள்ளும். ஆனால் அது தெரியும் நேரத்தில் இலைக்குள் சேதம் தொடங்கிப் பல நாளாகியிருக்கும்.

உள்ளே நடப்பது இது. வேர் தேடியும் தண்ணீர் போதாதபோது செடி தன் இலைவாய்களை மூடிக்கொள்கிறது. ஈரம் மிஞ்சுகிறது, ஆனால் காபனீரொட்சைட்டு உள்ளே வர வழியில்லை. வெயில் ஓய்வதில்லை, பச்சையமும் ஒளியை வாங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சக்தியைச் சுமந்த இலத்திரன்கள் போக்கிடம் இல்லாமல் பக்கத்திலுள்ள ஒட்சிசனைப் பற்றிக்கொள்கின்றன. அதிலிருந்து ஐதரசன் பேரொட்சைட்டு பிறக்கிறது, புண் கழுவ மருந்துக்கடையில் வாங்குகிறோமே, அதே பொருள். சிறிதளவில் அது செடிக்கு எச்சரிக்கை மணி. அளவு மீறினால் புரதங்களையும் கல மென்சவ்வுகளையும் அரித்துவிடும். இதைத்தான் ஒட்சியேற்ற நெருக்கடி என்கிறார்கள்.

இதை அளக்க வெகுகாலம் இலையைப் பறித்து, உறையவைத்து, அரைத்துப் பார்த்தார்கள். அரைத்த இலையிடம் அடுத்த நிமிடம் என்ன நடந்தது என்று கேட்க முடியாது.

வழி கடலிலிருந்து வந்தது. 1962இல் ஒசாமு ஷிமோமுரா ஒருவகைச் சொறிமுட்டையிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். 2008இல் மார்ட்டின் சால்ஃபி, ரொஜர் சியென் இருவருடன் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. 2004இல் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சியெனுடன் சேர்ந்து அந்தப் புரதத்தில் கந்தகம் கொண்ட இரண்டு சிஸ்டீன் அமினோ அமிலங்களை அருகருகே பொருத்தினார்கள். ஒட்சியேற்றம் நடந்தால் இரண்டும் கைகோர்த்துக்கொள்ளும், தணிந்தால் கைவிடும். கைகோர்த்த புரதம் ஊதா ஒளிக்கும், கைவிட்டது நீல ஒளிக்கும் கூடுதலாக ஒளிரும். இரண்டு ஒளிர்வையும் வகுத்துப் பார்த்தால் போதும், உயிரோடிருக்கும் கலத்தின் நிலை தெரிந்துவிடும். அரபிடோப்சிஸ் என்ற சின்னஞ்சிறு கடுகினச் செடியில் இதை அழகாகச் செய்துகாட்டியிருக்கிறார்கள்.

தேயிலை அவ்வளவு எளிதில் இணங்காது. இந்தப் புரதத்தைச் செடியே தயாரிக்க வேண்டுமென்றால் அதற்குள் மரபணுவைச் செலுத்தவேண்டும். தேயிலையில் நிறைந்த பொலிபீனோல்கள் வெட்டிய திசுவைக் கறுக்கவைத்து அந்த வேலையைக் கெடுக்கின்றன. ஸ்டோர் எனும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைக் கறுப்புத் தேயிலையாக்குவதும் இந்தப் பொலிபீனோல்கள்தான். ஒளிரும் சாயத்தை ஊட்டிப் பார்க்கலாம். ஆனால் பல சாயங்கள் ஒருமுறை ஒளிர்ந்தால் திரும்ப அணைவதில்லை. நெருக்கடி தணிந்ததா என்பதை அவற்றால் சொல்ல முடியாது.

மலைக்குக் கொண்டுபோகத் தோதான ஒளி இலையிலேயே இருக்கிறது. பச்சை இலை ஒன்றை ஸ்பிரிட்டில் கசக்கி வடித்து, இருட்டில் நோட்டுப் பார்க்கும் ஊதாக்கதிர் டோர்ச்சை அடித்தால் பச்சைச் சாறு இரத்தச் சிவப்பாக ஒளிரும். உயிருள்ள இலையும் வாங்கும் ஒளியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கை இப்படிச் சிவப்பாகத் திருப்பித் தருகிறது. இருட்டில் வைத்த இலையில் ஒளி பட்டதும் அந்தச் சிவப்பு ஏறி இறங்குவதை 1931இல் ஜெர்மனியில் ஹான்ஸ் கௌட்ஸ்கியும் ஹிர்ஷும் வெறுங்கண்ணாலேயே பார்த்துப் பதிவுசெய்தார்கள். இன்று அதைக் கைக்கருவி அளக்கிறது. இலையில் ஒரு கிளிப்பை மாட்டி, அரைமணி நேரம் இருட்டில் வைத்து, ஒரு மின்னல் ஒளி. நலமான இலை சுமார் 0.83 காட்டும். ஒளியைக் கையாளும் இயந்திரம் நெருக்கடியில் சேதப்பட்டால் எண் சரியும். பேரொட்சைட்டை இது நேரடியாக எண்ணுவதில்லை. அது சுரக்கும் அடுப்பங்கரையின் நிலையைச் சொல்கிறது.

1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்துக்குத் தலவாக்கலையில் தலைமையகமும் பசறையில் ஊவாவுக்கான நிலையமும் உள்ளன. வறட்சியைத் தாங்கும் டீ.ஆர்.ஐ. 2025, தாங்காத டீ.ஆர்.ஐ. 2023 போன்ற இனங்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பம் கற்பிக்கிறது. கிலோக் கணக்கில் சம்பளம் எண்ணப்படும் குடும்பங்களுக்காகவாவது இந்தக் கிளிப் மலைக்கு ஏறவேண்டும். முள்ளுமுருங்கை நிழலில் நிற்கும் செடியிலும், நிழலின்றிப் பாறைமேட்டில் நிற்கும் செடியிலும் ஒரே நாளில் மாட்டிப் பார்த்தால், எந்த மலையில் அடுத்த நிழல்மரம் வைப்பது, எதைக் கவ்வாத்துக்கு விடாமல் மழை வரும்வரை பொறுப்பது என்பதைச் செடியிடமே கேட்டுக்கொள்ளலாம்.