கணையப் புற்றுநோய்: ரிப்போர்ட்டில் வரும் ‘2/18’ என்ன சொல்கிறது?

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் உருண்டையாக ஒன்று வீங்கும். ‘நெறி கட்டியிருக்கு’ என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அந்த நெறிதான் டாக்டர்கள் சொல்லும் நிணநீர் முடிச்சு. உடம்பு முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கும் இந்தக் குட்டி வடிகட்டிகள் கணையத்தைச் சுற்றியும் இருக்கின்றன. கணையப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்த ஒருவர் இனி எப்படி இருப்பார் என்று கணிக்க, டாக்டர்கள் முக்கியமாகப் பார்ப்பது இவற்றைத்தான்.

காரணம் எளிது. கட்டியிலிருந்து கழன்று வரும் செல்கள் நிணநீரோடு ஓடி, பக்கத்து முடிச்சில் போய்ச் சிக்கும். அங்கே புற்று இருந்தால், நோய் கணையத்தைத் தாண்டிக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். ஸ்கேனில் தெரியாத அளவில் கல்லீரல் வரை போயிருக்கவும் வாய்ப்பு அதிகம்.

இருக்கா, இல்லையா? அது மட்டும் போதாது

முன்பெல்லாம் முடிச்சில் புற்று ‘இருக்கு’ அல்லது ‘இல்லை’, அவ்வளவுதான் கணக்கு. அமெரிக்காவில் 2018 முதல் நடைமுறைக்கு வந்த 8-வது பதிப்பு வகைப்பாடு, எண்ணிக்கையையும் கேட்கிறது. ஒன்றிலும் இல்லை என்றால் ‘என்0’. ஒன்று முதல் மூன்று வரை ‘என்1’. நான்கு அல்லது அதற்கு மேல் ‘என்2’. கட்டி சின்னதாக இருந்தாலும் சரி, ‘என்2’ என்றால் குறைந்தது மூன்றாம் நிலைதான்.

இந்தப் பிரிவு எவ்வளவு பொருந்துகிறது? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 1,500 பேரின் விவரங்களை வைத்து 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. ஐந்து ஆண்டு தாண்டி உயிரோடு இருந்தவர்கள்: ‘என்0’-ல் மூன்றில் ஒருவர், ‘என்1’-ல் ஐந்தில் ஒருவர், ‘என்2’-ல் பத்தில் ஒருவர் என்ற அளவில்.

கவனிக்க, இதெல்லாம் ஆபரேஷன் செய்ய முடிந்தவர்களின் கணக்கு. கண்டுபிடிக்கும்போதே அந்த வாய்ப்பு உள்ளவர்கள் நூற்றுக்கு 15 முதல் 20 பேர்தான்.

கீழே இருக்கும் எண்ணையும் பாருங்க

ரிப்போர்ட்டில் ‘2/18’ என்று இருந்தால், 18 முடிச்சுகளைச் சோதித்ததில் இரண்டில் புற்று இருக்கிறது என்று பொருள். பலரும் மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியோ பயமோ அடைகிறார்கள். ‘0/18’ கொஞ்சம் நம்பிக்கையான செய்தி. ஆனால் ‘0/4’? நாலே நாலைப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று சொன்னால் எப்படி நம்புவது? ஐந்தாவதில் இருந்திருக்கலாமே! அதனால்தான் குறைந்தது 12 முடிச்சுகளையாவது சோதிக்கச் சொல்கிறது வழிகாட்டுதல். 15 வேண்டும் என்பவர்களும் உண்டு. இது சர்ஜன் எவ்வளவு எடுத்தார் என்பதை மட்டுமல்ல, லேபில் எவ்வளவு பொறுமையாகத் தேடினார்கள் என்பதையும் பொறுத்தது.

அப்படியானால் எல்லா முடிச்சையும் வெட்டி எடுத்துவிட்டால்? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். வழக்கத்தைவிட விரிவாக முடிச்சுகளை அகற்றியவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை என்றே ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டின. முடிச்சு ஒரு தடயம்தான். அதை மட்டும் பிடுங்கிவிட்டால், ஏற்கெனவே கிளம்பிப் போன செல்கள் திரும்பி வராது.

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்குக்கு 2009-ல் கணையத்தில் ஆபரேஷன் நடந்தது. வழக்கமான பரிசோதனையில் தற்செயலாகச் சிக்கிய நோய். எடுத்த முடிச்சுகள் ஒன்றிலும் புற்று இல்லை, முதல் நிலை. மூன்றே வாரத்தில் நீதிமன்றம் திரும்பிய அவர், மேலும் 11 ஆண்டுகள் பதவியில் இருந்தார். 2020-ல் அவர் உயிரைப் பறித்ததும் கணையப் புற்றுநோய்தான்.

முடிச்சில் புற்று இருந்தால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. ஆபரேஷனுக்குப் பிந்தைய கீமோதெரபி பற்றி பிரான்ஸ், கனடாவில் நடந்த சோதனை ஒன்றின் முடிவு 2018-ல் வெளியானது. அதில் பெரும்பாலானோருக்கு முடிச்சிலும் புற்று இருந்தது. ஒற்றை மருந்து வாங்கியவர்களின் இடைநிலை ஆயுள் 35 மாதம். ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டு மருந்து வாங்கியவர்களுக்கு 54 மாதம். பக்கவிளைவும் அதிகம் என்பதால், உடம்பு தாங்குமா என்று பார்த்துத்தான் அதைக் கொடுக்கிறார்கள்.