மார்புக்காம்பில் தடிப்பா? மறைக்காமல் காட்டுங்கள்

களையெடுத்துக் கரையேறும் பெண்கள் இடுப்புவலியையும் சேற்றுப்புண்ணையும் வாய்விட்டுச் சொல்வார்கள். மார்புக்காம்பில் தோல் தடித்துக் கறுத்தால் மட்டும் கூடப்பிறந்த அக்காவிடம்கூடச் சொல்வதில்லை. தஞ்சை வட்டாரத்தில் இந்தக் கூச்சம்தான் நோயைவிடப் பெரிய ஆபத்து.

என்ன இது?

காம்பிலும் அதைச் சுற்றிய கருவட்டத்திலும் மேல்தோல் தடித்து, மரு படர்ந்ததுபோல் சொரசொரப்பாவதை ‘ஹைப்பர்கெரடோசிஸ்’ என்கிறார்கள். அபூர்வமானது. பெரும்பாலும் இளம்பெண்களுக்கு, இரண்டு பக்கமும் வரும். கர்ப்ப காலத்தில் கூடலாம். ஆண்களுக்கும் வருவதுண்டு. இது புற்றுநோய் அல்ல, தொற்றாது.

எப்போது பயப்பட வேண்டும்?

ஒரே பக்கம் மட்டும் செதில் உதிர்வது, ஆறாத புண், நீரோ ரத்தமோ கசிவது, காம்பு உள்ளிழுத்துக்கொள்வது, கட்டி தட்டுப்படுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். 1874இல் மருத்துவர் ஜேம்ஸ் பாஜெட் விவரித்த மார்பகப் புற்றுநோய் வகை, பார்வைக்குச் சாதாரணப் படைபோலவே இருக்கும். சிறு தோல் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி உண்மையைச் சொல்லிவிடும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு தோலை மெலியவைக்கும். புற்றுநோயாக இருந்தால், கொஞ்சநாள் குறைந்ததுபோல் காட்டி ஏமாற்றவும் செய்யும். தடிப்பைச் சுரண்டவும் கூடாது.

தீர்வு

தொந்தரவில்லாத தடிப்பை அப்படியே விடலாம். வேண்டுமானால் யூரியா, சாலிசிலிக் அமிலக் களிம்புகள், உறையவைக்கும் சிகிச்சை ஆகியவை உண்டு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தங்கள் நிலையை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். தடிப்புக்குத் தரப்படும் ரெட்டினாய்டு வகை மருந்துகள் கர்ப்ப காலத்தில் ஆகாது.

முதலில் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். அடுத்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவு. 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் மார்பகப் பரிசோதனை இலவசம். சந்தேகம் கேட்க 104 எண் இருக்கிறது.

உங்கள் உரிமை

ஆண் டாக்டர் பரிசோதித்தால், பக்கத்தில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். மறைவிடம், ரகசியம், விளக்கம் கேட்டபின் சம்மதம் எல்லாம் உங்களுக்கு உரியவை. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பணம் கட்டிய சிகிச்சையில் கவனக்குறைவால் பாதிப்பு வந்தால், 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். மார்பின் வடிவத்தை மாற்றுவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அந்த விளம்பரங்களை நம்பிக் காசைத் தொலைக்காதீர்கள்.

தடிப்பு தெரிந்தால் இந்த வாரமே நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால் அம்மாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள்.