விரிசல் விட்ட பல்லுக்கு ஒரு பூண்

மைலோ பெங் தீர்ந்ததும் கோப்பையின் அடியில் மிஞ்சும் பனிக்கட்டிகளை நறுக்கென்று கடித்துத் தின்னும் பழக்கம் நம் இளையர்கள் பலரிடம் உண்டு. தூக்கத்தில் பற்களை நறநறவென்று அரைப்பவர்களும் இருக்கிறார்கள். கடைவாய்ப் பல்லில் மயிரிழை விரிசல் விழ இவை போதும்.

அந்த வலி விசித்திரமானது. கடிக்கும்போதைவிட, கடித்த பல்லை விடுவிக்கும்போதுதான் பெரும்பாலும் சுரீரென்று வலிக்கும். குளிர்ந்த நீர் பட்டால் கூசும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிவிடும். எந்தப் பல் என்று விரல் வைத்துக் காட்டுவதும் கடினம். எக்ஸ்ரே படத்திலும் பல நேரங்களில் விரிசல் தெரியாது. அதனால் பல் மருத்துவர் சிறு குச்சி போன்ற கருவியைப் பல்லின் ஒவ்வொரு முகட்டிலும் வைத்துக் கடிக்கச் சொல்வார். ஒளி பாய்ச்சியும் சாயம் தடவியும் தேடுவார்.

முறிந்த எலும்பு கூடும். பல்லின் எனாமல் கூடாது. அதில் உயிரணுக்களே இல்லை. ‘கிரவுன்’ எனப்படும் பல் உறையும் விரிசலை ஒட்டவைப்பதில்லை. அது மேலும் விரியாதபடி பல்லைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். மரம் பிளக்காமலிருக்க உலக்கை நுனியில் பூண் போடுவார்களே, அதே தத்துவம்.

உறை பொருந்துவதற்காகப் பல்லின் மேலும் சுற்றிலும் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை செதுக்குவார்கள். செதுக்கியது மீண்டும் வளராது. எனவே இந்தப் பல்லுக்குக் கிரவுன் ஏன் தேவை, நிரப்பினால் போதாதா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். அச்சு எடுத்தபின், ஸிர்கோனியா, பீங்கான் அல்லது உலோகத்தில் உறை தயாராகச் சுமார் இரண்டு வாரங்கள் ஆகலாம். அதுவரை தற்காலிக உறைதான். டோடோல் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்!

செலவும் கணிசமானது. சிங்கப்பூரில் சாஸ் நீல, ஆரஞ்சு அட்டை வைத்திருப்போருக்குக் கிரவுனுக்கு மானியம் உண்டு. முன்பதிவின்போதே விசாரிப்பது நல்லது.

விரிசல் நரம்பை எட்டினால் வேர் சிகிச்சையும் சேர்ந்துகொள்ளும். அது வேர்வரை பிளந்துவிட்டால் பெரும்பாலும் பல்லைப் பிடுங்குவதே வழி. ஆகவே, வலித்த அன்றே எந்தப் பக்கம், எதைக் கடித்தபோது, கடிக்கையிலா விடுகையிலா என்று கைப்பேசியில் குறித்துவையுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.