பெற்றோர் வினாப்பட்டியலும் ஆட்டிசமும்

“பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை, பேச்சும் வரவில்லை” என்று ஒரு தாய் முறையிடும்பொழுது, “சில குழந்தைகள் தாமதமாகத்தான் பேசும்” என்று ஆறுதல் கூறி அனுப்பிவிடுதல் வழக்கமாக உள்ளது. பல குழந்தைகளின் விஷயத்தில் அது மெய்யே. ஆயினும், சிலரிடத்தில் அது ஆட்டிசத்தின் தொடக்க அறிகுறியாக இருத்தல் கூடும். அப்பொழுது அந்த ஆறுதல் மொழியால், பயிற்சிக்குரிய இளம்பருவம் வீணாகின்றது.

ஆட்டிசத்தை இரத்தப் பரிசோதனையால் அறிய இயலாது. குழந்தையின் நடத்தையும் வளர்ச்சியுமே சான்று. அந்நடத்தையை, சில நிமிஷங்களே காணும் ஊழியரைவிட, நாள் முழுதும் உடனிருக்கும் பெற்றோரே நன்கு அறிவர். பெற்றோர் வினாப்பட்டியலின் அடிப்படை இதுவே.

இவ்வகையில் பல நாடுகளிலும் வழங்குவது ‘எம்-சாட்’ என்பதாகும். 2001-ல் வெளிவந்த இது, பின்னர் திருத்தப்பெற்றது. திருத்திய பட்டியல் 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்குரியது. பள்ளி வயதினருக்குப் பொருந்தாது. இதில் ‘ஆம்’, ‘இல்லை’ என விடையளிக்கத்தக்க 20 வினாக்கள் உள. வியப்பூட்டும் பொருளைப் பிறருக்குச் சுட்டிக் காட்டுகிறதா, பாவனை விளையாட்டு ஆடுகிறதா, பெயர் கேட்டுத் திரும்புகிறதா என்பன அவற்றுட் சில. எப்பொழுதோ ஓரிருமுறை செய்ததை ‘ஆம்’ எனக் கொள்ளலாகாது. வழக்கமாகச் செய்வதையே கணக்கிட வேண்டும்.

பொதுவாக ‘இல்லை’ என்னும் விடைக்கு ஒரு மதிப்பெண். 2, 5, 12 ஆகிய வினாக்களுக்கு மட்டும் ‘ஆம்’ என்பதற்கே மதிப்பெண். குழந்தைக்குக் காது கேளாதோ என ஐயுற்றதுண்டா என்பது இரண்டாம் வினா. கூட்டுத்தொகை 2 வரை எனில் ஐயம் குறைவு. ஆயினும் இரண்டு வயது நிரம்பாத குழந்தையை, அவ்வயது நிரம்பியபின் மீண்டும் சோதித்தல் வேண்டும். 3 முதல் 7 வரை எனில், ஐயத்துக்குரிய வினாக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, உதாரணங்களுடன் மீண்டும் விசாரிக்க வேண்டும். அதன் பின்னும் 2 அல்லது அதற்கு மேல் எஞ்சுமாயின் நிபுணரிடம் அனுப்புக. 8-க்குக் குறையாதெனில் உடனே அனுப்பலாம்.

இது சல்லடையே அன்றி, நோய் நிர்ணயம் அன்று. 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரு கட்டங்களிலும் ஐயத்துக்குள்ளான குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே ஆட்டிசம் இருந்தது. ஆனால் மிகப் பெரும்பாலோருக்கு ஏதேனும் ஒரு வளர்ச்சிக் குறை காணப்பட்டது. ஆகவே, “உங்கள் குழந்தைக்கு ஆட்டிசம்” என்று ஊழியர் எவரும் கூறலாகாது. “செவியையும் வளர்ச்சியையும் மருத்துவர் ஒருமுறை பார்ப்பது நலம்” என்பதே தக்க சொல்.

மதிப்பெண் குறைவாயினும் பெற்றோரின் கவலை தீரவில்லையெனில், குழந்தையை அனுப்புதலே முறை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் அமைந்த ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இதற்கென உள்ளன. பட்டியலை நிரப்பி வைப்பதோடு ஊழியரின் கடமை முடிவதில்லை. குழந்தை மையத்தை அடைந்ததா என அறிவதும் அதன் பகுதியே.