எக்ஸ்ரேயில் தெரியாத தண்டுவடக் காயம்

குழந்தை மாடிப்படியில் உருண்டு விழுகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு முறிவு இல்லை என்கிறார்கள். 'அல்ஹம்துலில்லாஹ்' என்று நாம் வீடு திரும்புகிறோம். பெரும்பாலான நேரங்களில் கவலைப்பட ஒன்றுமில்லைதான். ஆனால் எலும்பு முறியாமலே தண்டுவடம் அடிபடுவது குழந்தைகளிடம் உண்டு.

முதுகெலும்புகளைப் பிணைக்கும் தசைநார்கள் சிறுவயதில் நன்றாக நீளும். விழுந்த வேகத்தில் எலும்புகள் விலகி, மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடும். உள்ளே ஓடும் தண்டுவடத்தால் அந்த இழுப்பைத் தாங்க முடியாது. பாங், வில்பெர்கர் என்ற இரு மருத்துவர்கள் 1982-ல் இதற்குத் தனிப் பெயரே சூட்டினார்கள். அறிகுறிகள் சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்தும் வரலாம். கை கால் மரத்துப்போனாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ, 'எக்ஸ்ரே நன்றாகத்தானே இருந்தது' என்று நாம் காத்திருக்கக் கூடாது.

அப்போது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். அதில் எக்ஸ்ரே கதிர்கள் இல்லை. காந்தமும் ரேடியோ அலையும்தான். தண்டுவடத்தின் வீக்கத்தையும் இரத்தக் கசிவையும் அது காட்டும். நரம்பு இழைகள் எந்த அளவு கெட்டிருக்கின்றன என்பதை வழக்கமான படம் முழுதாகச் சொல்வதில்லை. ஊசிமுனையாலும் பஞ்சாலும் தொட்டு 'தெரிகிறதா?' என்று கேட்கும் பரிசோதனை இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளை ஊசியைக் கண்டதும் அழுமா, பதில் சொல்லுமா?

இந்தக் குறையைப் போக்கத்தான் 'டிஃப்யூஷன் டென்சர் இமேஜிங்' என்ற எம்.ஆர்.ஐ. முறையை ஆராய்கிறார்கள். நரம்பு இழைகளுக்குள் நீர் மூலக்கூறுகள் நெடுக்கில் எளிதாக நகரும், குறுக்கே நகரச் சிரமப்படும். இந்த வேறுபாட்டை 0 முதல் 1 வரையிலான எண்ணாக அளக்கிறார்கள். இழைகள் சிதைந்த இடத்தில் எண் குறையும். குழந்தை வாய் திறக்கவே வேண்டாம்.

அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் பேராசிரியர் ஃபெரோஸ் முகமது குழுவினர், டெம்பிள், தாமஸ் ஜெஃபர்சன் பல்கலைக்கழகங்களில் இதைக் குழந்தைகளுக்கு ஏற்றவாறு செய்து பார்த்திருக்கிறார்கள். குழந்தையின் தண்டுவடமோ விரல் பருமன்கூட இல்லை. மூச்சுக்கும் இதயத் துடிப்புக்கும் அது அசைந்துகொண்டே இருக்கும். அதனால் அந்தச் சிறு பகுதியை மட்டும் குறிவைத்துப் படமெடுக்கும் உத்தியைக் கையாண்டார்கள்.

நம் ஊர் ஸ்கேன் மையங்களில் வழக்கமான எம்.ஆர்.ஐ.தான் எடுப்பார்கள். அதற்கே குழந்தை அசையாமல் படுக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து தருவார்கள். எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்வோம். கொலுசு, அரைஞாண், மகளின் முக்காட்டில் குத்திய பின் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுவோம். துணைக்கு உள்ளே வரும் தாயின் பின்னும் இதில் சேரும்.